எனக்கு மட்டும் ஏன் கர்த்தருடைய சத்தம் கேட்பதில்லை? ரங்கூன் தம்பி ஒருவனுக்குப் பதில்

தம்பி, நீ கேட்டதைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும்.

"டீச்சர், ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் 'கர்த்தர் என்னோடு பேசினார்' என்று சாட்சி சொல்கிறார்கள். நான் ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட எனக்கு எதுவும் கேட்டதில்லை. இப்போது மலேசியாவுக்கு வேலைக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். அம்மா, 'கர்த்தர் சொல்லட்டும், அதுவரை பொறு' என்கிறார். அவர் சொல்வதை எப்படிக் கேட்பது? என்னிடம் ஏதாவது குறை இருக்கிறதா?"

குறை எதுவும் இல்லை. இந்தப் பயம் மனதில் இருக்கிறவரை நான் சொல்லும் வேறு எதுவும் உன் காதில் ஏறாது, அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். நாற்பது வருஷமாக நம் சபையில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். காதில் விழுகிற குரலாகக் கர்த்தர் என்னோடு பேசியதே இல்லை. ஆனாலும் அவர் என்னோடு பேசுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்பதுதான் உன் கேள்விக்குப் பதில்.

எங்கள் வீட்டுக் கயிறு உனக்கு ஞாபகம் இருக்கும். ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. எல்லா மாடியிலிருந்தும் கயிறு தெருவரைக்கும் தொங்கும். மேல் முனையில், ஜன்னல் கம்பியில் ஒரு மணி. கீழ் முனையில் ஒரு கிளிப். வருகிறவர்கள் கீழே நின்று இழுப்பார்கள், நாம் எட்டிப் பார்த்துச் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குவோம். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணிலும் புரை, எழுந்து ஜன்னலுக்குப் போக முடியாது. கட்டிலில் படுத்தபடியே சொல்லுவார்: "பேப்பர்காரர். ஒரே இழுப்பு, உடனே விட்டுவிட்டார் பார்." "தண்ணிக் கேன் பையன், இரண்டு தடவை." என் தம்பி கடன் கேட்க வருகிற நாளில் மணி அடிப்பதற்கு முன்னால் கயிறு கொஞ்சம் நடுங்கும். அதையும் கண்டுபிடித்துவிடுவார். மழைக்காலத்தில் காற்று இழுக்கும்போது, "அது கை இல்லை, காற்று" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முப்பது வருஷம் மணி அடித்தபோதெல்லாம் எழுந்துபோய் எட்டிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் காற்றுக்கும் ஓடினாராம். ஓடி, பார்த்து, யாரும் இல்லை என்று திரும்பி வந்து, அப்படித்தான் காற்றுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

யோவான் பத்தாம் அதிகாரத்தில் ஆடுகள் மேய்ப்பனுக்குப் பின்னால் போவதற்கு இயேசு சொல்லுகிற காரணம், அவைகள் "அவன் சத்தத்தை அறிந்திருக்கிறபடியினால்" என்பதுதான். ஆட்டுக்குக் காது கூர்மை என்று அவர் சொல்லவில்லை. பழக்கம் என்கிறார். தினமும் அவன் பின்னால் போய், தினமும் புல்லும் தண்ணீரும் கண்டு, அந்தக் குரல் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துவைத்திருக்கிற பழக்கம். நீ ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருப்பது ஒரு சம்பவத்தை. நான் உனக்குச் சொல்ல வருவது ஒரு பழக்கத்தைப் பற்றி.

சாமுவேல் கதையைச் சின்ன வயதில் என்னிடம்தான் படித்தாய். மறுபடியும் எடுத்து மெதுவாகப் படி, 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரம். பையன் ஆலயத்திலேயே படுத்திருக்கிறான், தேவனுடைய பெட்டி இருக்கிற இடம். அப்படிப்பட்டவனைப் பற்றி ஏழாம் வசனம், "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்" என்கிறது. கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் ஆசாரியன் ஏலியிடம் ஓடுகிறான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஏன்? அவனை வளர்த்த கிழவரின் குரல் மாதிரியே அது இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இடி மாதிரி இருந்திருந்தால் ஏலியிடம் எதற்கு ஓடுகிறான்? தெரிந்த குரலில் வந்ததால்தான் தெரியாமல் போயிற்று. உனக்கும் அப்படி எத்தனையோ தடவை நடந்திருக்கலாம். அம்மா சொன்னது, நண்பன் கோபத்தில் சொன்னது, ஆராதனையில் பாதி தூக்கத்தில் காதில் விழுந்த ஒரு வரி. இதெல்லாம் வெறும் மனுஷர் பேச்சு என்று நீ தாண்டிப் போயிருப்பாய்.

அந்த அதிகாரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பிரசங்கத்தில் அதிகம் கேட்டதில்லை. "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொன்ன பிறகு சாமுவேலுக்குக் கிடைத்த முதல் செய்தி என்ன? ஏலியின் வீட்டுக்கு வரப்போகிற நியாயத்தீர்ப்பு. கேட்கக் கற்றுக்கொடுத்தவருக்கே விரோதமான வார்த்தை. பையன் விடியும்வரை படுத்திருந்து, சொல்லப் பயந்தான் என்று எழுதியிருக்கிறது. நம் ஆசைக்கு ஒத்தாசையாக வருகிற குரல்கள் நமக்குள் நிறைய உண்டு. இது அந்த வகை இல்லை.

சரி, தினசரி வாழ்க்கையில் இது எப்படி நடக்கிறது?

கர்த்தர் ஏற்கெனவே பேசியிருக்கிறார். நம்மில் பலர் இதை வாயால் ஒத்துக்கொண்டு அடுத்த நிமிஷமே புதுச் செய்திக்கு அலைகிறோம். எபிரெயர் நிருபத்தின் தொடக்கத்தைப் பார்: முற்காலத்தில் தீர்க்கதரிசிகள் மூலமாய்ப் பேசினவர், "இந்தக் கடைசி நாட்களில் குமாரன் மூலமாய் நமக்குத் திருவுளம்பற்றினார்." அவர் குரல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் சுவிசேஷத்தில் இயேசு பேசுகிறதைக் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும். சமாரியப் பெண்ணிடம் எப்படிப் பேசினார், சகேயுவிடம் எப்படி, மறுதலித்துவிட்டு வந்த பேதுருவிடம் எப்படி. பயமுறுத்தி அவசரப்படுத்துவாரா? ஆளைக் கேவலப்படுத்துவாரா? இது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் மனதுக்குள் ஒரு குரல், "நீ எதற்கும் லாயக்கில்லை, உன்னை அவர் கைவிட்டுவிட்டார்" என்று சொன்னால், அம்மா சொன்ன மாதிரி, "அது கை இல்லை, காற்று" என்று உனக்கே தெரிந்துவிடும்.

படிக்கிற விதம் பற்றி ஒன்று. ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் என்று ஓடாதே. பத்துப் பன்னிரண்டு வசனம் எடு, ஒரு வாரம் முழுக்க அதையே வைத்துக்கொள். வாய்விட்டுப் படி. உனக்குப் பர்மிய மொழிதான் வேகமாக வரும், நம் பழைய தமிழ் வேதாகமத்தின் நடை கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். அதனால் முதலில் பர்மியத்தில் படித்து அர்த்தத்தைப் பிடி, அப்புறம் தமிழில் படி. தமிழ் எதற்கு என்று கேட்பாய். உன் பாட்டி உன்னை மடியில் வைத்து ஜெபித்த மொழி அது. சில வார்த்தைகள் அறிவைத் தாண்டி உள்ளே போவது அந்த மொழியில்தான். நானும் சந்தையில் பர்மியத்தில் கணக்குப் போடுகிறேன், அழும்போது தமிழில் அழுகிறேன்.

நேரம் உனக்குத் தெரியும். விடியற்காலையில், மொகிங்கா என்கிற மீன்சாற்று நூடுல்ஸ் விற்கிற அம்மா தெருவில் குரல் கொடுப்பதற்கு முன்னால், கரண்ட் இல்லாத நாளில் கீழே ஜெனரேட்டர்கள் ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒரு பதினைந்து நிமிஷம். படித்த பிறகு பேசாமல் இரு. முதல் பத்து நாள் பயங்கரமாகப் போரடிக்கும். வாடகை ஞாபகம் வரும், போன் ஞாபகம் வரும். வருகிறதை வரவிட்டு, "ஆண்டவரே, இதுவும் உமக்கு முன்னால்" என்று சொல்லிவிட்டு மறுபடி அந்த வசனத்துக்கு வா. அந்தப் பதினைந்து நிமிஷத்திலேயே ஏதாவது கேட்கும் என்று எதிர்பார்க்காதே. எனக்குப் பெரும்பாலும் அப்போது கேட்பதில்லை. மத்தியானம் பாத்திரம் தேய்க்கும்போது வரும், படிக்கட்டு ஏறும்போது வரும். காலையில் காதைத் திறந்து வைத்தால் பகலில் வருகிறது.

எப்படி வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2008 மே மாதம் நர்கீஸ் புயல். நீ அப்போது சின்னப் பிள்ளை. விடிந்து பார்த்தால் ரங்கூன் முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மேல் மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. எங்களிடம் ஒரு டிரம் நிறைய இருந்தது. மூன்றாம் மாடியில் தனியாக ஒரு பர்மியப் பாட்டி, புத்த மதம். "கீழே போய்ப் பார்" என்று மனதில் ஒன்று வந்தது. அவர்களுக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தள்ளிவிட்டேன். அரிசி கழுவும்போது மறுபடி வந்தது. நம் டிரம் எத்தனை நாள் தாங்குமோ என்று மறுபடி தள்ளினேன். மூன்றாவது தடவை பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாட்டி முந்தின நாளிலிருந்து குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டு படுத்திருந்தார். டம்ளரை வாயில் வைத்தபோது அவருடைய பல் கண்ணாடியில் பட்டு டக் டக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த எண்ணம் கர்த்தருடையதா என்று யாராவது கேட்டால், சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அதன் சுபாவம் தெரியும். அது அவசரப்படுத்தவில்லை, ஆனால் விடவும் இல்லை. என்னைப் புகழவில்லை. என்னிடமிருந்து ஒன்றைக் கேட்டது, பலன் இன்னொருவருக்குப் போயிற்று. சுவிசேஷத்தில் நான் படித்துப் பழகின குரலோடு அது ஒத்துப்போயிற்று. அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒன்று வந்தால் முன்னைவிடச் சீக்கிரம் எழுந்துபோகிறேன். எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துத்தான் கயிறு பழகும் என்று சொன்னேனே, அது இதுதான். வெளிநாடு போவதா என்கிற கேள்விக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறவன், கீழ்வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோ என்பதைக் கேட்டு நடந்து பழகியிருக்க வேண்டும்.

இப்போது வாக்குத்தத்தச் சீட்டு, அதாவது ஒரு வேதவசனம் எழுதின சீட்டு, அதைப் பற்றி. வருஷக் கடைசி இரவு ஆராதனையில் நாம் எல்லோரும் எடுக்கிறோம், நானும் எடுக்கிறேன், பைபிளுக்குள் வைத்துக்கொள்கிறேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சீட்டை வைத்து முடிவெடுக்காதே. போன வருஷம் உனக்கு வந்தது எரேமியா 29:11 என்று எழுதியிருந்தாய், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதனால் மலேசியாவில் நன்றாக இருப்பேன் என்று அர்த்தமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு முந்தின வசனத்தைப் படி: எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. சீக்கிரம் திரும்பி விடுவீர்கள் என்று இனிப்பாகச் சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார். ஒரு வரியைக் கிழித்தெடுத்தால் லாட்டரிச் சீட்டு. முழுக் கடிதத்தையும் படித்தால்தான் அவர் குரல்.

இனி சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமானது. ஆனால் உனக்கு அவசியம்.

பல வருஷத்துக்கு முன்னால், அப்பா இறந்த பிறகு, அம்மா யாரோடு இருப்பது என்று எனக்கும் தங்கைக்கும் பேச்சு வந்தது. நான் தங்கையிடம் சொன்னேன்: "மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். அம்மா உன்னோடு பெகுவில் இருக்க வேண்டும் என்று கர்த்தர் சொன்னார்." உபவாசம் இருந்தது உண்மை. அந்த எண்ணம் வந்ததும் உண்மை. ஆனால் அந்த எண்ணத்துக்குக் கீழே என்ன இருந்தது? வகுப்பும் ஊழியமும் தடைபடக் கூடாது, இரவில் எழுந்து கவனிக்க முடியாது, இதுதான். தங்கை ஒரு வார்த்தை பேசாமல் அழைத்துப்போனாள். அவளுக்கு இரண்டு கைக்குழந்தை, வாடகை வீடு. எட்டு மாதத்தில் அம்மா பாதியாக இளைத்துத் திரும்பி வந்தார். தங்கை என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அக்கா, நீ சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். கர்த்தர் சொன்னார் என்று சொன்னாய். அவரோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்?"

கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்கிற கட்டளையைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருந்தேன், சாபம் போடுகிறதும் பொய்ச் சத்தியமும் என்று. என் விருப்பத்துக்கு அவர் கையெழுத்தைப் போட்டதும் அதே பாவம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலிருந்து "கர்த்தர் சொன்னார்" என்று நான் சொல்வதில்லை. "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்களும் ஜெபித்துப் பாருங்கள்" என்கிறேன். உன்னிடம் யாராவது வந்து, "கர்த்தர் உனக்கு இதைச் சொல்லச் சொன்னார்" என்றால் மரியாதையாகக் கேட்டுக்கொள், உடனே தலையாட்டாதே. பவுல் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார்: தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள், "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்." யாக்கோபு பரத்திலிருந்து வருகிற ஞானத்துக்கு அடையாளம் சொல்லும்போது அது "இணக்கமுள்ளது" என்கிறார். கேள்வி கேட்டால் கோபப்படுகிற தீர்க்கதரிசனத்தில் அந்த இணக்கம் இல்லை.

சோதித்துப்பார்ப்பது எப்படி என்பதற்கு நம் கத்தோலிக்கச் சகோதரர்களிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. இஞ்ஞாசியார் என்கிற ஸ்பானியப் போர்வீரர், 1521-ல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி மாதக்கணக்கில் படுத்திருந்தார். வீரசாகசக் கனவுகளில் மிதக்கும்போது சுகமாக இருந்தது, ஆனால் முடிந்த பிறகு மனம் வறண்டுபோயிற்று. கிறிஸ்துவைப் பற்றியும் பரிசுத்தவான்களைப் பற்றியும் படித்து யோசித்தபோதும் சுகமாக இருந்தது, முடிந்த பிறகும் அந்த நிறைவு தங்கியது. இந்தப் பின்ருசியை அவர் கவனித்தார். ஒரு எண்ணம் வரும்போது எப்படி இருக்கிறது என்பதைவிட, அது போன பிறகு என்ன விட்டுப்போகிறது என்று பார்க்கச் சொன்னார். தேவனை நோக்கி நடக்கிறவனிடத்தில் நல்ல ஆவி பஞ்சில் விழுகிற நீர்த்துளி மாதிரி நுழையும், கெட்டது கல்லில் விழுகிற தண்ணீர் மாதிரி சத்தத்தோடு தெறிக்கும் என்கிறார். மனம் இருண்டிருக்கிற நேரத்தில் முன்னால் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பதும் அவர் சொன்ன விதிதான். இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொன்று, தனியாகக் கேட்காதே. பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்க்கிறார், ஆவியானவர் தடை செய்கிறார். பித்தினியாவுக்குப் பார்க்கிறார், அங்கேயும் வழியில்லை. துரோவாவில் இரவில் மக்கெதோனியன் ஒருவன் கூப்பிடுகிற தரிசனம். கண்டவர் ஒருவர். ஆனால் அப்போஸ்தலர் 16:10-ஐப் பார், கர்த்தர் "எங்களை அழைத்தாரென்று நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று பன்மையில் வருகிறது. தரிசனமே கண்டவர்கூடக் கூடியிருந்தவர்களோடு சேர்ந்துதான் முடிவு செய்தார்.

2025 மார்ச் 28, மத்தியானம் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சகாயிங், மாந்தலே பக்கம் பூமி அதிர்ந்ததே, 7.7 அளவில். அந்த வாரம் ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "இது கர்த்தருடைய சத்தம், அந்த ஜனங்களுக்கு நியாயத்தீர்ப்பு" என்றார். நீயும் இருந்தாய். எனக்கு நெஞ்சு கொதித்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று ஆண்டவரே சொன்னார். எலியா தீர்க்கதரிசிக்கு ஓரேப் மலையில் பெருங்காற்று வந்தது, பூமியதிர்ச்சி வந்தது, அக்கினி வந்தது. எதிலும் கர்த்தர் இருக்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. அக்கினிக்குப் பின் "அமர்ந்த மெல்லிய சத்தம்." அந்த வாரம் அவர் குரல் கேட்டிருக்குமானால், இடிபாட்டைக் கையால் தோண்டின பையன்களிடமும், இங்கிருந்து அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிப் போன லாரிகளிலும் கேட்டிருக்கும்.

இனி உன் மலேசியா விஷயம்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, 18 முதல் 35 வயது வரை மகன் இருக்கிற வீட்டில் எல்லாம் இந்தக் கேள்விதான். உன் அம்மாவின் பயத்தையும் உன் பயத்தையும் நான் லேசாக எடுக்கவில்லை. நம் குடும்பங்களுக்கு இது புதிதும் அல்ல. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக மலையேறிப் புறப்பட்டார்கள். என் சின்னத் தாத்தா தாமு வழியாக மணிப்பூருக்கு நடந்தார். என் தாத்தா அரிசி ஆலையை விட்டு நகரவில்லை, பாட்டி நிறைமாதம். 1964-ல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது பெரியப்பா மெட்ராஸுக்குக் கப்பலேறினார், பிறகு அங்கே பர்மா பஜாரில் கடை போட்டார். அப்பா இங்கேயே இருந்தார். போனவர்களும் "கர்த்தர் நடத்தினார்" என்றார்கள், இருந்தவர்களும் "கர்த்தர் நடத்தினார்" என்றார்கள். சின்ன வயதில் யார் சொன்னது சரி என்று எனக்குக் குழப்பம். இப்போது இரண்டு பேர் சொன்னதும் சரி என்றுதான் நினைக்கிறேன். தண்டவாளம் மாதிரி ஒரே கோடு போட்டு, அதை விட்டு ஒரு அடி விலகினால் உன் வாழ்க்கை கவிழ்ந்துவிடும் என்று வைத்திருக்கிறவர் அல்ல நம் தகப்பன். நியாயம் செய், இரக்கத்தைச் சிநேகி, மனத்தாழ்மையாய் நட என்று மீகாவில் சொல்லிவிட்டார். இது மலேசியாவிலும் முடியும், இங்கேயும் முடியும்.

அதனால் முடிவெடுக்கிற புத்தியையும் உபயோகி, அதையும் அவர்தான் கொடுத்திருக்கிறார். ஏஜென்ட் யார், கையில் கொடுக்கிற பேப்பர் சட்டப்படியானதா, கடன் எவ்வளவு, அம்மாவின் மருந்துச் செலவை யார் பார்ப்பார்கள், போகிற ஊரில் சபை இருக்கிறதா. இதையெல்லாம் விசாரிப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், அவர் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று யாக்கோபு சொல்வது இதற்காகத்தான். உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன். "கர்த்தர் சொல்லட்டும்" என்று அவர் சொல்வதற்குள் "என்னை விட்டுப் போகாதே" என்பதும் இருக்கிறது. அதை அவர் வாயால் சொல்லவிட்டால் நல்லது. அதைக் கேட்பதும் உனக்கு அவசியம்.

எவ்வளவு யோசித்தாலும் முழு நிச்சயம் வராது. எரேமியாவுக்கே வரவில்லை. எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகை போட்டிருக்கிறது, அவர் காவலில் இருக்கிறார். உறவுக்காரன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்பான் என்று கர்த்தருடைய வார்த்தை வருகிறது. அவன் வந்து அப்படியே கேட்கிறான். "அப்பொழுது அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்" என்று 32-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அப்பொழுது! அத்தனை வருஷம் தீர்க்கதரிசனம் சொன்னவர், ஆள் வந்து நின்ற பிறகுதான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்துப் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, நகரம் கல்தேயர் என்கிற பாபிலோனியர் கையில் போகிற நேரத்தில் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று ஜெபத்தில் கேட்கிறார். கீழ்ப்படிந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. தப்பில்லை.

கடைசியாக, ஒன்றுமே கேட்காத காலம் பற்றி. இந்த ஊரில் இருந்துகொண்டு மிஷனரி ஜட்சனை நினைக்காமல் இதைப் பேச முடியாது. அதோனிராம் ஜட்சன் முதலில் வந்து இறங்கினது கல்கத்தாவில், 1812-ல். கிழக்கிந்தியக் கம்பெனி இருக்கவிடவில்லை. மொரீஷியஸ் போய், மெட்ராஸ் வந்து, அங்கேயும் தங்க வழியில்லாமல், கிடைத்த கப்பலில் ஏறி 1813 ஜூலையில் ரங்கூன் வந்து சேர்ந்தார். நம் முன்னோர்கள் பின்னால் வந்த அதே கடல்வழி. மூடின கதவுகள்தான் அவரை இங்கே கொண்டுவந்தன. முதல் ஆள் ஞானஸ்நானம் எடுக்க ஆறு வருஷம் ஆயிற்று, 1819. நீ சொன்ன உன் ஆறு வருஷம் மாதிரியே. பிறகு அப்போதைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறை. 1826-ல் மனைவி ஆன் இறந்தார், ஆறு மாதத்தில் குழந்தையும் போயிற்று. அதற்குப் பிறகு அவர் காட்டோரம் ஒரு குடிசை போட்டுத் தனியாக இருந்தார், தனக்கு ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 1829-ல் எழுதினார், தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்று.

அந்த மனுஷர் 1834 ஜனவரி 31-ல் பர்மிய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை முடித்தார். தனக்குக் கேட்காமல் போன குரலை ஒரு தேசத்துக்கு வார்த்தை வார்த்தையாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியாகத் தெளிவாகக் கேட்டது எதுவோ அதை விடாமல் செய்தார். உனக்கு வேகமாக வருகிற பர்மிய பைபிள் அதுதான், தம்பி. காலையில் அதைத் திறக்கும்போது இதை நினைத்துக்கொள்.

உனக்குக் கடைசியாகத் தெளிவாகத் தெரிந்தது எது? நீ எழுதியிருந்தாய், அப்பாவோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை, பேச வேண்டும் என்று அடிக்கடி தோன்றுகிறது, ஆனால் அது வேறு விஷயம் என்று. வேறு விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் செய்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, எரேமியா கடிதத்தை மூன்று பேரும் உட்கார்ந்து படிப்போம். இடதுபக்கத்திலிருந்து இரண்டாவது, நீலக் கயிறு. சின்ன வயதில் கிளாசுக்கு வரும்போது மூன்று தடவை விடாமல் இழுப்பாய், என் அம்மா கட்டிலில் இருந்தே உன் பேரைச் சொல்லுவார். அதே மாதிரி இழு. எட்டிப் பார்க்காமலே சாவியை இறக்குகிறேன்.